தறிச் சத்தம் கேட்ட வீடுகள்

கண்ணாடி அம்மா எங்கள் தெருவின் நடுவில் நின்று, குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். எந்தெந்த வீட்டில் தறி ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து சத்தம் நன்றாகவே கேட்டது. கையில் எடுத்த கஞ்சிச் சீட்டுக் கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அங்கேயும் தறி ஓடியது. எதிர்வீட்டிலும் ஓடியது. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இந்தத் தெருவைப் பற்றியாவது கவலைப்பட வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

நான் நடைவாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. தம்பி சங்கரனுக்கு மூன்று முடிந்திருந்தது. மூன்று வயதுப் பிள்ளையை என் வயதுப் பெண் தூக்கினால் இடுப்பு ஒடிய வேண்டும். அவன் கனக்கவே இல்லை.

அந்தச் சீட்டு கிடைத்திருந்தால் அவனுக்கு நாள்தோறும் கஞ்சியும் ஒரு தம்ளர் பாலும் கிடைத்திருக்கும். எங்கள் வீட்டில் தறி ஓடியதால் கிடைக்கவில்லை.

ஓடிய தறியில் நூலே கிடையாது. அது கண்ணாடி அம்மாவுக்குத் தெரியாது.

இருமல்காரி

இந்தத் தொடரில் இதுவரை நான் வேலைக்குப் போன பிறகு நடந்ததைத்தான் எழுதி வந்தேன். சிவகிரி பஸ்ஸில் கோழிக்கூடையோடு மல்லுக்கட்டியது, வாசுதேவநல்லூரில் பாலர் பள்ளிக்கு இடம் தேடி மாட்டுக்கொட்டகையில் தொடங்கியது என்று வீரப்பிரதாபமாக எழுதினேன். படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் எழுதச் சுகமாக இருந்தது.

இந்த வாரம் சுகமாக இல்லை. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

பெண்கள், குழந்தைகள் நல வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்கு ஆபீசில் ‘இருமல்காரி’ என்று பட்டப்பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று நன்றாகச் செருமிவிட்டு, சற்று நேரம் கழித்துத்தான் உள்ளே நுழைவேன். கூட வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். “கோமதி, ஒண்ணு உள்ள போங்க, இல்லன்னா டாக்டர்ட்ட போங்க” என்பார் எங்கள் மேலதிகாரி அம்மாள். காரணத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. காரணம் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் இருக்கிறது.

கோமதி என்பது என் பெயர். சங்கரன்கோவிலில் பெண் பிறந்தால் கோமதி, ஆண் பிறந்தால் சங்கரன். பெயர் வைக்க எங்கள் ஊர்க்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் “கோமதி” என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும்.

நூல் வராத காலம்

யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் நூல் வரவில்லை. நூலுக்குக் கட்டுப்பாடு, அரிசிக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. பசிக்கு மட்டும் யாரும் கட்டுப்பாடு போடவில்லை.

அப்போது எங்கள் ஊரில் எல்லாம் கைத்தறிதான். வீட்டுக்குள்ளேயே தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். நூல் சொந்த நூல் கிடையாது. முதலாளி கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு நெசவாளி வீட்டில் தறி நின்றுவிட்டால், “என்னமோ ஏதோ, நூல்ல கைவச்சிருப்பான், மொதலாளி நிறுத்திட்டாரு” என்றுதான் முதலில் பேசுவார்கள். நூல் திருடன் என்று பெயர் வாங்குவதைவிட எங்கள் ஆட்களுக்குச் சாவது எளிது. ஊர் முழுக்க நூல் இல்லாத காலத்திலும் அந்தப் பயம் போகவில்லை. கொஞ்சநஞ்சம் வந்த நூலை முதலாளிமார் யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

எங்களுக்குக் கொடுக்கவில்லை. கடைசிப் பாவு நூலில் நெய்த துணியை அப்பா அறுத்துக் கொடுத்துவிட்டு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தறியைத் துடைத்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து ஆடித்தபசுத் திருவிழா வந்தது. தபசு என்றால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு விருந்தாள். தேர் ஓடும் வடம்போக்கித் தெருவே தெரியாதபடி ஜனம் நெரியும். சிவகிரியிலிருந்து என் மாமா வந்து எங்கள் வீட்டில் படுத்திருந்தார். அப்பாவுக்கு அவர் மைத்துனர். பெண் கொடுத்த வீட்டு ஆள் முன்னால் தறி சும்மா கிடந்தால் என்ன ஆவது? விடிந்ததும் அப்பா குழிக்குள் இறங்கினார். நூல் சுற்றிய தார்க்குச்சி இல்லாமலே, குறுக்கே ஓடும் நாடாவைப் போட்டு வெறுந்தறியை ஓட்டினார்.

நடையில் படுத்திருந்த மாமா கண்ணைத் திறக்காமலே, “பரவால்ல மச்சான், ஒமக்கு வேல இருக்கு” என்றார். அப்பா இன்னும் வேகமாக மிதித்தார்.

மாமா ஊருக்குப் போனார். தறி நிற்கவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் விருந்தாள் வந்திருந்தார்கள், எல்லா வீட்டிலும் அன்று காலையில் தறி ஓடியிருந்தது. பக்கத்து வீட்டில் ஓடும்போது முதலில் யார் நிறுத்துவது?

புற்றுமண்

கண்ணாடி அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருந்தவர். மூக்குக்கண்ணாடி போட்ட பெண்பிள்ளையை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வீடு வீடாக அரிசியும் கம்பும் தண்டி, சத்திரத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். பிள்ளைகளுக்கு எங்கிருந்தோ டப்பாப் பால் வரவழைத்தார்.

கேட்கிறவர்கள் எல்லாருக்கும் ஊற்றப் போதாது. ஆகவே ஒரு விதிமுறை வைத்தார். தறி ஓடுகிற வீட்டுக்குச் சீட்டு இல்லை. நின்ற வீட்டுக்கு உண்டு. தெருவில் நின்று கேட்டால் போதும், யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து பானையைத் திறந்து பார்க்க வேண்டாம். அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். பின்னாளில் நானும் இதே வேலைக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்த காரியம் என்று புரிந்தது.

தம்பிக்கு முதலில் தலைமயிர் செம்பட்டை ஆனது. பிறகு கால் வீங்கியது. அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே இருக்கும். நான் விளையாட்டுப்போல அமுக்கிப் பார்ப்பேன். அவன் அழக்கூட மாட்டான். மண் தின்னத் தொடங்கினான்.

எங்கள் கோவிலில் புற்றுமண் பிரசாதம். மேலுக்குச் சுகமில்லை என்றால் பூசிக்கொள்வோம், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். அம்மா கொண்டுவந்து அவன் காலில் பற்றுப் போட்டாள். அவன் காலில் காய்ந்த மண்ணைச் சுரண்டிச் சுரண்டித் தின்றான்.

ஒருநாள் கண்ணாடி அம்மா எங்கள் வாசலைத் தாண்டும்போது அவன் வாயைப் பார்த்துவிட்டு நின்றார்.

“என்னம்மா, பிள்ளை மண்ணைத் திங்கிறானா?”

“கோவில் புத்துமண்ணும்மா. நேந்துக்கிட்டது” என்றாள் அம்மா.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அவர் போகிற திசையையே பார்த்தாள். இப்போது நினைத்தாலும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

தெரு அடங்கிய நாள்

எதிர்வீட்டு ஆவுடை அத்தையின் கைக்குழந்தை இறந்துபோனது. என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை. “மாந்தம்” என்று அவளாகவே எல்லாரிடமும் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் வரை அவள் வீட்டிலும் தறி ஓடியது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். சாவு விழுந்தால் எடுத்துக்கொண்டு போகும் வரை எந்த வீட்டிலும் தறி ஓடக் கூடாது. அன்று தெரு அடங்கியது. அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் காதுக்குள் ஙொய் என்றது. அந்த அமைதியில் அம்மா எங்கள் தறிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, பாவு இல்லாத அந்த மரச்சட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் எதிர்வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வீடு. அப்பா எழுந்து தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

“வேண்டாங்க” என்றாள் அம்மா.

“எதிர்த்தாப்புல ஓடுதில்லா?”

“அங்கன பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு ஓட்டுதாக. நாமளும் குடுத்துட்டு ஓட்டணுமா?”

“வாய மூடுட்டி.”

தறி ஓடியது.

குழி

அடுத்த முறை கண்ணாடி அம்மா வந்தபோது அம்மா தெருவில் இறங்கி நின்றாள். இடுப்பில் தம்பி. அவன் தலை அவள் தோளில் நிற்காமல் பின்னால் சாய்ந்துகொண்டே இருந்தது.

“தாயி, எங்களுக்கு ஒரு சீட்டு வேணும்.”

கண்ணாடி அம்மா தயங்கினார். அவர் குரலில் கோபம் இல்லை. “உங்க வீட்டுல தறி ஓடுதேம்மா. ஒண்ணுமே இல்லாதவங்க இருக்காங்க. நானே சட்டத்தை மீறினா எப்படி?”

அம்மா எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பெரிய இடத்துப் பெண்ணை எங்கள் தெருவில் யாரும் தொட்டது கிடையாது. பிடித்து இழுத்துக்கொண்டு, நடையைத் தாண்டி, தறி இருக்கிற அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“பாருங்க. நல்லாப் பாருங்க” என்றாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். வெற்றுடம்பு. இடுப்புக்குக் கீழே குழிக்குள். தலைக்கு மேலே ஓர் அந்நியப் பெண். எழுந்துவிட வேண்டும் என்று இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். எழ முடியவில்லை. பட்டினி கிடந்த உடம்பு, குழிக்குள் மரத்துப்போன கால். மறுபடியும் ஊன்றினார். அப்போதும் முடியவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்தார். மேலுக்குப் போர்த்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அதை விரித்துத் தறியின் மேல் போட்டார். பாவு இல்லாத இடத்தை மறைத்து, நுனியை இழுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு உயிர் போய்விட்டது. அம்மா மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. என் அப்பாவை இப்படிக் காட்டிவிட்டாளே என்று அழுதேன். தம்பி சாகப்போகிறான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும்தான் அந்த ஆத்திரம்.

கண்ணாடி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை வீட்டுலம்மா இப்படி?” என்று கேட்டார்.

“எங்க வீட்ட நான் காட்டிட்டேன். அடுத்த வீட்ட அவுகதான் காட்டணும்.”

இருவரும் வெளியே வந்தார்கள். அம்மா கையில் சீட்டு இருந்தது. மறைக்காமல் பிடித்துக்கொண்டு நடைவாசலில் நின்றாள். எதிர்வீட்டு வாசலுக்கு ஆவுடை அத்தை வந்தாள். அம்மா கையைப் பார்த்தாள். திரும்பி உள்ளே பார்த்து ஏதோ சொன்னாள். அவள் வீட்டுத் தறி நின்றது.

அதன் பிறகு பக்கத்து வீடு. அதற்கும் அடுத்த வீடு. ஒவ்வொன்றாக நின்று தெருமுனை வரை அடங்கியது. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து நான் தம்பியைத்தான் பார்த்தேன். அவன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

கண்ணாடி அம்மா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “நான் கேட்டுக்கிட்டே போனேனே, கேட்டுக்கிட்டே போனேனே” என்று அதையே சொன்னார்.

மூடிய சட்டி

சத்திரத்துக்குப் பெண்களும் பிள்ளைகளும்தான் போனோம். எல்லார் கையிலும் சட்டி, சட்டிக்கு மேல் முந்தானை. வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். “கோயிலுக்கு வந்தேன், அப்பிடியே” என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். “ஆமா, நானுந்தான்” என்பாள் இன்னொருத்தி. கம்பங்கஞ்சியின் அடிப்பிடித்த வாசனை பாவாடையில் ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தெரிந்துவிடுமோ என்று தள்ளித் தள்ளி உட்காருவேன். அவளும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள். அவள் பாவாடையிலும் அதே வாசனைதான்.

ஆவுடை அத்தை ஒருநாள் வரிசையில் நின்றுகொண்டே அம்மாவிடம் சொன்னாள். “மதினி, அண்ணாச்சி ஓட்டுனது வெறுந்தறின்னு எனக்கு மொத நாளே தெரியும்.”

அம்மா திரும்பவில்லை. “ஒங்க வீட்டுதும் எனக்குத் தெரியும்” என்றாள்.

எப்படித் தெரியாமல் போகும்? நூல் சுற்றிய நாடா ஓடினால் ஒரு சத்தம். வெறும் நாடா ஓடினால் காலி டப்பாவை உருட்டுகிற சத்தம். தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் தூங்குகிறவர்கள் நாங்கள். தெருவில் அத்தனை பேருக்கும் அத்தனை பேர் சங்கதியும் தெரிந்திருந்தது. ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றுவதற்காகக் கேட்காததுபோல இருந்தார்கள். எங்களிடம் ஏமாந்தது எங்களுக்கு உதவ வந்த ஒரே ஒரு மனுஷி மட்டும்தான்.

“அன்னிக்கே நீ அந்தம்மாவ இழுத்துட்டுப் போயிருந்தா எம்பிள்ள...” என்றாள் ஆவுடை அத்தை. முடிக்கவில்லை. குறையாகச் சொன்னாளா, தன்னையே நொந்துகொண்டாளா, தெரியாது. அம்மா தன் சட்டியிலிருந்து ஒரு அகப்பைக் கஞ்சியை அவள் சட்டிக்கு ஊற்றினாள். அத்தை அதை வாங்கிக்கொண்டது எனக்கு இன்றும் தாங்கவில்லை.

தம்பி பிழைத்தான். கால் வடிந்தது. ஒருநாள் பால் தம்ளரைத் தட்டிவிட்டு ஓங்கி அழுதான், அம்மா அவனை அடிக்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது அவனைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள், வாசல் நிறைய நடந்து வருவான். அவனுக்கு இந்தக் கதை தெரியாது. இந்த இதழை அவன் தவறாமல் வாங்குகிறவன். படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவான், வரட்டும்.

அப்பா அந்தக் கஞ்சியை எங்கள் முன்னால் குடித்ததே இல்லை. அம்மா சட்டியைத் திறந்து வைத்துவிட்டு, எங்களையும் இழுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். அம்மாவோடு நேராகப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். “ஒங்கம்மாட்ட சொல்லு” என்பார் என்னிடம். மூன்றடி தூரத்தில் அம்மா இருப்பாள். நூல் வந்து, பாவு பிணைத்து, தறி நிஜமாகவே ஓடத் தொடங்கிய பிறகுதான் அவளிடம் பேசினார். அன்றும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “தண்ணி கொண்டா” என்றார். அம்மா செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுப்படியில் வந்து அழுதாள்.

அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா சொன்னது

பல வருஷம் கழித்து, பயிற்சி முடித்து, எனக்கு வேலை உத்தரவு வந்தது. நெசவாளர் தெருக்களில் வீடு வீடாகப் போய், சவலைப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துப் பாலுக்கும் மருந்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, குடையும் பையுமாகப் புறப்பட்டேன். கண்ணாடி மட்டும்தான் இல்லை.

அப்பா தறியில் இருந்தார். அப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. நெய்வது கொஞ்சம், உட்கார்ந்திருப்பது அதிகம். நான் “போயிட்டு வாரேன்ப்பா” என்றதும் மிதியை நிறுத்தினார்.

“ஏட்டி, நீ தெருவுல நின்னு கேப்பியா, உள்ள போயிப் பாப்பியா?”

“உள்ள போயித்தான்ப்பா பாக்கணும். வெளிய நின்னா தெரியாது.”

“ஆமா. தெரியாது” என்றார். நாடாவைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“போகும்போது சட்டுன்னு நுழைஞ்சிராத மக்கா. வாசல்ல நின்னு ஒரு செருமு செருமிட்டுப் போ. குழியில இருக்கவன் எந்திரிக்க நேரமாவும்.”

அவ்வளவுதான் சொன்னார். தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அன்று நான் போன முதல் வீட்டிலும் தறிச் சத்தம் கேட்டது. காலி டப்பாவை உருட்டுகிற சத்தம். வாசலில் நின்று செருமினேன். உள்ளே சத்தம் நின்றது. தரையில் கை ஊன்றும் ஓசை கேட்டது, மூச்சு வாங்குவது கேட்டது. உள்ளே போக வேண்டியவள் நான், வெட்கத்தில் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

வெகுநேரம் கழித்துத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். நிலையைப் பிடித்து நிமிர்ந்து நின்றார்.

“வாங்க” என்றார்.

பிறகுதான் உள்ளே போனேன்.